வாழைக்கட்டையின் மறுபக்கம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சாரல் நின்றதோ இல்லையோ, கடைகளைப் பலகை வைத்து அடைத்துவிட்டு எல்லோரும் ஊர் போய்ச் சேருவார்கள். பிறகு அருவிச் சத்தமும் குரங்குகளும்தான் மிச்சம்.

முப்பிடாதியும்தான் மிச்சம்.

அவளுக்குப் பத்து வயது. அம்மா இல்லை. அப்பா செல்லச்சாமி அங்கே ஒரு பங்களாவுக்குக் காவல்காரர். சாரலுக்கு வந்து தங்குகிற பிள்ளைகள் "முப்பி, முப்பி" என்று அவள் பின்னாலேயே திரிவார்கள். பத்தாம் நாள் காரில் ஏறிக் கை காட்டுவார்கள். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வருவார்கள்.

அதனால் அவள் மீன்களோடு சிநேகம் பிடித்துக்கொண்டாள்.

பங்களாவுக்குப் பின்னால் ஓடை வளைகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் தெளிவாகத் தேங்கி நிற்கும். பப்பாளி இலையின் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை வெட்டி, பால் போகக் கழுவி, ஒரு முனையை வாயில் கவ்விக்கொள்வாள். மறுமுனை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நீளமான வாழைக்கட்டை ஒன்றில் நெஞ்சை வைத்துக் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

கட்டையின் ஓரத்தில்தான் படுப்பாள். அதனால் மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் படுக்கலாம்தான். ஆனால், யாராவது வந்தால் இடம் வேண்டுமே?

பார்த்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அப்பாவிடம் சொன்னால் "ம்" என்பார். கேட்டுத்தான் சொன்னாரா, தூக்கத்தில் சொன்னாரா, தெரியாது.

அந்தத் தை மாதம், பக்கத்துக் கிராம்புத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு தென்காசியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் மகள் ஜாஹிரா, முப்பிடாதியின் வகுப்பிலேயே, அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் பாவாடை, புத்தகம், சிலேட்டு எல்லாமே கிராம்பு மணத்தது.

மறுநாளே முப்பிடாதி அவளை ஓடைக்குக் கூட்டிப்போனாள்.

"தண்ணிக்குள்ள அப்படி என்னட்டி இருக்கு?"

"ஒரு ஊரே இருக்கு. வரிபோட்ட மீன் ஒண்ணு இருக்கு. போலீஸ்காரன் மாதிரி அங்கனயும் இங்கனயும் நடந்துகிட்டே இருக்கும். சின்ன மீனெல்லாம் அதைக் கண்டா ஓரமா ஒதுங்கும்."

ஜாஹிரா சிரித்தாள். ஆனால் பாறை மேல் காலை மடக்கி உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. "நீ பாத்துச் சொல்லு. நான் இங்கனயே கேட்டுக்கிடுதேன்."

"நீச்சல் தெரியாதா?"

"ரெண்டு கை வீசுவேன். முகத்துல தண்ணி பட்டா மூச்சு முட்டுது."

மூன்று நாள் அப்படியே போனது. முப்பிடாதி பார்த்துப் பார்த்து வந்து சொன்னாள். ஜாஹிரா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கிற அந்தக் கண்ணில் ஆசை இருந்தது.

நான்காம் நாள்தான் தப்பு நடந்தது.

அந்தப் பக்கத்தில் நீச்சல் பழக்குவது ஒரே விதம்தான். பிள்ளையைக் கிணற்று மேட்டில் நிறுத்தி, பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். பிள்ளை தானாகக் கையைக் காலை அடித்து மேலே வரும். முப்பிடாதியும் அப்படிப் பழகியவள்தான். ஜாஹிராவுக்கு நல்லது செய்கிற நினைப்பில், பின்னால் போய் ஒரு தள்ளு தள்ளிவிட்டாள்.

ஜாஹிரா தண்ணீரைக் குடித்து, இருமி, பாறையைப் பிறாண்டிக்கொண்டு ஏறினாள். கண் சிவந்திருந்தது.

"ஏன்ட்டி தள்ளுன?"

"பழகட்டும்னுதான்…"

"தள்ளிவிடுன்னு நான் கேட்டனா?"

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஜாஹிரா பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. காற்று வீசும்போது மட்டும் கொஞ்சம் கிராம்பு மணம் வந்தது.

முப்பிடாதி ஓடைக்குப் போனாள். போலீஸ்கார மீன் நடந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. முன்பும் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் இந்தத் தனிமை வேறு மாதிரி வலித்தது.

பாறையில் உட்கார்ந்து தன்னை அப்பா தள்ளிவிட்ட நாளை நினைத்துப் பார்த்தாள். "எம்மவ மீன் மாதிரி மேல வந்தா" என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார். ஆனால் மேலே வருவதற்கு முன்னால் ஒரு நொடி, பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தேடினாளே, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் எந்தக் கையும் இல்லை.

சனிக்கிழமை காலையில், புதிதாக இரண்டு பப்பாளித் தண்டுகளை வெட்டிக்கொண்டு கிராம்புத் தோட்டத்துக்குப் போனாள். களத்தில் பாய் பாயாகக் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தது. ஜாஹிரா அதைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏட்டி, நான் தள்ளுனது தப்பு. இனி உன்னைத் தொடவே மாட்டேன். ஓடைக்கும் கூப்பிடலை."

"பெறவு எதுக்கு வந்த?"

"உங்க வீட்டு அண்டாவைக் கொஞ்சம் தாரியா?"

ஜாஹிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அண்டாவை உருட்டிவந்தாள்.

தண்ணீர் நிரப்பினார்கள். முதலில் முப்பிடாதி தண்டைக் கவ்வி முகத்தை உள்ளே வைத்தாள். பிறகு ஜாஹிரா. வைத்தவுடனே எடுத்தாள். மறுபடி வைத்தாள். பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். எப்போது எடுப்பது என்று அவளே முடிவு செய்தாள்.

ஜாஹிராவின் உம்மா எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு கூத்து! கிராம்பைக் காயப்போடச் சொன்னா, ரெண்டும் தலையை ஊறப்போட்டிருக்கு!"

சாயங்காலம், "ஓடைக்குப் போவமா?" என்று ஜாஹிராதான் கேட்டாள். உம்மாவும் துணி துவைக்கக் கூடவே வந்தார்.

முப்பிடாதி ஒரு கயிற்றின் முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மறுமுனையை ஜாஹிரா கையில் கொடுத்தாள்.

"கயிறு உன் கையில. ஒரு தடவை இழுத்தா, போதும்னு அர்த்தம். உடனே பிடிச்சுத் தூக்கிருவேன்."

"நீ இழுப்பியா?"

"நான் இழுக்கவே மாட்டேன்."

முதலில் முழங்கால் ஆழம். தரையில் கால் படுகிறதா என்று ஜாஹிரா இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். பிறகு முப்பிடாதி படுக்கிற அதே ஓரத்தில் கட்டை மேல் படுத்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.

உடனே கயிறு இழுபட்டது. முப்பிடாதி கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"போதுமாட்டி?"

"தும்மல் வந்துச்சு. இன்னொரு தடவை பாப்போம்."

இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பளவுக்குப் போனார்கள். ஜாஹிரா முகத்தை எடுக்கவில்லை. தண்டின் நுனியில் மூச்சு 'ஸ்… ஸ்…' என்று நிதானமாக வந்துபோனது. முப்பிடாதி பக்கத்திலேயே அசையாமல் நின்றாள். ஜாஹிரா என்ன பார்க்கிறாளோ, தெரியவில்லை. கீழே நடப்பது எதுவும் தெரியாமல் கரையில் இருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கயிறு ஒரு தடவை இழுபட்டது. முப்பிடாதி பிடிக்கக் குனிந்தாள். அதற்குள் மறுபடியும் இழுபட்டது.

"என்னட்டி, பயந்துட்டியா?"

ஜாஹிரா முகத்தைத் தூக்கினாள். முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. வாயிலிருந்து தண்டை எடுத்தாள்.

"ஒரு இழுப்புன்னாத்தான் போதும்னு அர்த்தம். நான் ரெண்டுல்லா இழுத்தேன்!"

"ரெண்டைப் பத்தி நாம பேசலையே?"

"இப்பம் பேசிக்கிடுவோம். ரெண்டுன்னா நீயும் வான்னு அர்த்தம். சீக்கிரம் வாட்டி, உன் போலீஸ்காரன் போயிரப் போறான்!"

முப்பிடாதி இடுப்பில் செருகியிருந்த தன் தண்டை எடுத்தாள். கட்டையின் அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள்.

இத்தனை நாளும் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்ற வாழைக்கட்டை, அன்றைக்குத்தான் மட்டமாக மிதந்தது.