நடுக்கடலில் ஒரு சேவல்

ட்ரிங்... ட்ரிங்...

வெர்லீன் வாட்லர் ஃபோனை எடுத்தாள்.

"கேப்டன் ஆன்செல் பேசறேன். கடல் மேல பறந்துட்டிருக்கேன்!"

"சூரிச்லேர்ந்து ரேட்டோ. பேங்க் ரெடி, மிஸ் வெர்லீன்."

கேமன் தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுன். நாலாவது மாடி. குளுகுளு வக்கீல் ஆபீஸ்.

விற்கிற விமானம் நடுக்கடல் மேல் பறக்கும்போது கைமாறினால் எந்த நாட்டுக்கும் வரி கிடையாது! அந்த நேரம் பார்த்து எல்லோரும் ஃபோனில் கூடுவார்கள். பைலட் தான் இருக்கும் இடத்தைச் சொல்வார். வெர்லீன் 'விடுவிக்கலாம்' என்பாள். சூரிச் வங்கி, வாங்குபவருக்கான கடன் பணத்தை விற்பவருக்கு அனுப்பும். விமானம் கேமன் தீவில் பதிவாகும்; அடமானமும் கூடவே.

பெரிய முதலாளிகள் தங்கள் விமானம் போகும் தடத்தை யாருக்கும் காட்டுவதில்லை. பைலட்டின் குரல்தான் சாட்சி!

சாட்சி பொய்யானால்? முப்பது மில்லியன் டாலர் அம்பேல். வெர்லீனின் வக்கீல் தொழில் போகும். கம்பி எண்ண வேண்டியதுதான்!

வக்கீல் ஆபீஸ் முதலாளி மிஸ்டர் ஓர்லி போடன் பல்வலி என்று காலையிலேயே லீவு. 'சட்டுபுட்டுனு முடிச்சிடு, போபோ!' என்று மட்டும் சொல்லியிருந்தார். போபோ என்றால் அந்தத் தீவில் 'கண்ணு' மாதிரி.

"உயரம், கேப்டன்?"

"நாற்பதாயிரம் அடி."

"வானம்?"

"தெளிவா இருக்கு."

பின்னணியில் எஞ்சின் உறுமல். வெர்லீன் வாயைத் திறந்தாள்.

"சரி... விடு..."

மொபைல் மினுங்கியது. ரேட்டோவின் மெசேஜ்!

'உங்க ஆபீஸ்ல கோழி வளர்க்கறீங்களா?'

'கோழியா? எங்கே?'

'ரெண்டு தடவை கூவுச்சே!'

வெர்லீனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கும்... ஆனால் ஏறியிருக்காது. கோர்ட் படியில் கோழி, பேங்க் வாசலில் கோழி, சர்ச் பெஞ்சில் கோழி. இந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு மட்டும் காது மரத்துப் போயிருக்கும்.

ஜன்னலைப் பார்த்தாள். இறுக மூடிய கண்ணாடி.

'என் பக்கம் இல்லையே!'

'என் பக்கமும் இல்லை. இங்கே சேவல் கூவினா பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போட்டுடுவான்!'

அப்படியானால்... நாற்பதாயிரம் அடி உயரத்தில்?

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"கேப்டன், ஒரு பேப்பரைக் காணோம். தேடறேன். லைன்லயே இருங்க!"

அழைப்பை மொபைலுக்கு மாற்றினாள். காதில் வைத்துக்கொண்டு படிகளில் பறந்தாள். போலீஸ் சார்ஜென்ட் இந்த நேரம் பின்னாடி கோழிக் கடையில்தான் இருப்பார்!

கட்டடத்தின் பின்னால் வறுத்த கோழிக் கடை. சீமைப்பலா மரத்தடியில் ஒரு வெள்ளை வேன்.

கொக்கரக்கோ...!

இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஃபோனில் ஒன்று. வெளியே ஒன்று. ஒரே சேவல்!

கடை வாசலில் சார்ஜென்ட் தெல்மோ பவரி கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன போபோ, மூச்சு வாங்குது? துரத்தறது யாரு?"

ஃபோனைக் கையால் பொத்தினாள்.

"மிஸ்டர் தெல்மோ... அந்த வேன்ல ஒரு ஏரோப்ளேன் பறக்குது!"

"வெயில்ல நிக்காதேம்மா."

"கிண்டல் அப்புறம்! முதல்ல கதவைத் திறங்க!"

அவள் முகத்தைப் பார்த்த சார்ஜென்ட் கோழிக்காலைப் போட்டார். நாலே எட்டு. விருட்டென்று கதவை இழுத்தார்.

உள்ளே வியர்த்து வழிந்தபடி கேப்டன் ஆன்செல். பக்கத்தில் எஞ்சின் போல உறுமும் சின்ன ஸ்பீக்கர். அவர் விலாவில் மீன் வெட்டும் கத்தி!

கத்தியின் மறுமுனையில்...

"மிஸ்டர் ஓர்லி!" வெர்லீன் அலறினாள்.

"பல்வலி..." என்றார் முதலாளி, பழக்க தோஷத்தில்.

சார்ஜென்ட் கத்தியைப் பிடுங்கி, ஓர்லியை வெளியே இழுத்து விலங்கை மாட்டினார்.

"விமானமே கிடையாது, மிஸ்!" கேப்டன் மூச்சு வாங்கினார். "எப்பவோ பிரிச்சு வித்தாச்சு! விற்கிற கம்பெனியே இவரோடதுதான். ரேட்டோவுக்கு என் குரல் பழக்கம். அதான் விமானம் வருது வருதுன்னு என்னை ஓட்டல்ல உட்கார வச்சிருந்தார்."

உயிருக்குயிராய் மதித்த மனுஷன்! வெர்லீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களே! அதுவும் போயும் போயும் சேவல் பக்கத்துல வேனை நிறுத்தி!"

ஓர்லி விழித்தார்.

"சேவலா? எங்கே?"

அவர் காலடியில் நின்று கூவிக்கொண்டிருந்தது அது!

கேப்டன் சிரித்துவிட்டார்.

"ஓட்டல்ல இதுங்க என்னைத் தூங்கவே விடல. ஆனா ஊர்க்காரங்க ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. அப்பவே கவனிச்சேன். இவர் வாங்கிக் கொடுத்த மரவள்ளி கேக்கை வேன் ஜன்னல் இடுக்கு வழியா பிச்சுப் பிச்சுப் போட்டேன். வந்து நின்னு கூவுச்சு!"

"எனக்காகவா?"

"உங்களுக்கு எங்கே கேட்கப்போகுது, மிஸ்? சூரிச்காரருக்காக!"

வெர்லீன் அசடு வழிந்தாள். கோழி கூவியா பொழுது விடியப்போகிறது என்பார்கள். அவளுக்கு அன்றைக்கு அப்படித்தான் விடிந்தது.

கையிலிருந்த ஃபோன் கத்தியது.

"ஹலோ! ஹலோ! கேப்டன் இப்ப எங்கே?"

"பத்திரமா தரை இறங்கிட்டார், ரேட்டோ!"

கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"மிஸ் வெர்லீன், வழக்கம்போல கோழிதானே?"

வெர்லீன் சேவலைப் பார்த்தாள். சேவல் அவளைப் பார்த்தது.

"இன்னிக்கு மீன் குடும்மா... சாட்சியைச் சாப்பிடக் கூடாது!"