தெளிவாகக் கேட்கிறது

டாமராக் விமானத் திடலில் எவரேனும் ரேடியோவில் "என் குரல் கேட்கிறதா?" என்று கேட்டால், நாங்கள் பதில் சொல்வதில்லை.

எங்கும் எழுதிவைக்கப்பட்ட விதியன்று இது. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு திடல்களில், விமானி "ரேடியோ செக்" என்று கேட்பதும், காதில் விழுந்த எவராவது "தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்வதும் நாடெங்கும் உள்ள மரியாதை. எங்கள் திடலில் மட்டும், ஒருவருக்குத் தன் ரேடியோ மீது ஐயம் வந்தால், பக்கத்துக் கொட்டகைக்கு நடந்துபோய்க் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்வார். பனி பெய்யும் நாட்களில் எல்லா ரேடியோக்களின் ஒலியும் முற்றிலும் குறைக்கப்பட்டிருக்கும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கும் புதியவரிடம் நாங்கள் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசுவோம்.

மார்லிஸ் டோல்வனன் புதியவர். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, முப்பது ஆண்டுகள் பனியிலும் சேற்றிலும் அஞ்சல் வண்டி ஓட்டியவர். தம் வீட்டு கராஜில் ஒன்பது ஆண்டுகள் அலுமினியத் தகடு தகடாக அறைந்து, இருவர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டி முடித்து, சென்ற அக்டோபரில் அதை என் கொட்டகைக்கு எதிர்க் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். முதற் பறப்பைப் பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை என்று குறித்திருந்தோம். என் விமானத்தில் பக்கத்திலேயே பறந்து கண்காணிப்பவன் நான்.

ஜனவரியில் ஒரு நாள், பனி தொடங்கியபோது, அவர் என் கதவைத் தட்டினார்.

"ஆல்டன், என் இன்டர்காம்ல எலி பூந்துருக்கு. வந்து கேளுங்க."

அவர் விமானத்தின் ஹெட்ஃபோனைக் காதில் வைத்தேன். டக். கர்ர்ர். டக். யாரோ ஒரு பிளக்கை அதன் துளையிலிருந்து உருவி, சற்றுத் திருப்பி, மீண்டும் செருகும் ஓசை.

அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது ஒன்றுதான்.

"எர்த் சரியில்லைன்னு நெனைக்கிறேன்."

அந்த ஒற்றைப் பொய்யின் மேல் அவர் மூன்று வாரம் உழைத்தார். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சலென்றால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். இது எஞ்சின் நின்றிருந்தாலும் வந்தது. பிளக் துளைகளை உலோகத் தகட்டில் படாமல் வளையமிட்டுப் பிரித்தார். மைக் வயரை மின்வயர்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். எர்த் கம்பிகள் அத்தனையையும் ஒரே முனையில் கொண்டுவந்து கட்டினார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். வெயில் நாளில் இன்டர்காம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும். பனி விழத் தொடங்கியதும், டக், கர்ர்ர், டக். திடலின் மூத்த விமானி ராஸ்கோ ப்ரென்னர் ஒருமுறை தலையை நீட்டி, "எர்த்தைப் பாரும்மா, எர்த்தை," என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணைப் பாராமல் போய்விட்டான்.

முதற் பறப்பு வாரத்தின் செவ்வாய்க்கிழமை விமானத்தைத் தரையில் ஓட்டிச் சோதித்தோம். நான் ரன்வேயின் ஓரமாக நின்றிருந்தேன். பனித்துகள்கள் இறங்கத் தொடங்கின. சட்டென்று கண்ணாடிக்குப் பின்னால் மார்லிஸின் தலை காணாமற்போயிற்று. அவர் குனிந்து, பிளக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எண்ணினேன். எட்டு நொடி.

ஒன்பதாவது நொடியில் விமானம் பாதை விலகிப் பனிக்குவியலில் மூக்கைச் செருகி நின்றது. அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "அட, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? ஒரு கீறல்கூட இல்ல. மேல போயிட்டா அங்க மோதறதுக்கு என்ன இருக்கு?"

வடக்கு எல்லையில் பைன் மரங்கள் நின்றன. நடுவில் ஐந்தாறு மரங்கள் மட்டும் நுனி முறிந்து, மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. பதினொரு ஆண்டுகளாகப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே பனி கனத்தது. மார்லிஸ் என்னை அழைத்தார். கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. அதற்கு அடியில், இப்போதுதான் பிளந்த பைன் மரத்தின் பிசின் வாசனை. அங்கே மரத்துண்டு ஒன்றுகூட இல்லை.

"பேட்டரி எங்க இருக்கு, சொல்லுங்க," என்றார் மெதுவாக.

அது கழற்றப்பட்டு, பட்டறை மேசையின் மீது இருந்தது.

அவர் ஹெட்ஃபோனை நீட்டினார். டக். கர்ர்ர். டக்.

பிறகு அதன் வயரை விமானத்திலிருந்தே உருவினார். பிளக் அவர் கையில் தொங்கியது.

சத்தம் நிற்கவில்லை.

கர்ர்ர். டக். பின்பு, மிகத் தொலைவிலிருந்து, களைத்த, பணிவான ஒரு குரல்:

"டாமராக், ரேடியோ செக். யாராவது கேக்கறீங்களா?"

மார்லிஸ் அலறவில்லை. அவர் பார்த்தது ஹெட்ஃபோனை அல்ல, என் முகத்தை.

"உங்களுக்கு இது புதுசில்ல," என்றார்.

சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. இவர் ஆயிரம் அடி உயரத்தில் குனிவதை என் கண் முன்கூட்டியே கண்டது. சொல்லிவிட்டேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இங்கே பறந்த டெல்பர்ட் கின்ஸ்லி நல்ல விமானி, நச்சரிப்பவன். ஒரு பறப்புக்கு நான்கு முறை ரேடியோ செக் கேட்பான். ஒரு காலையில், திடலின் காப்பி அறையில், ராஸ்கோ ஒரு வேடிக்கையை முன்மொழிந்தான். "ஒரு வாரம் எவனும் பதில் சொல்லாதீங்கடா. பேனலையே பிரிச்சுப் போட்டு உக்காந்துருப்பான் பாரு." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள் பனியில் அவன் திரும்பிவந்துகொண்டிருந்தான். மும்முறை கேட்டான். காப்பி அறையில் அவன் குரல் தெளிவாக ஒலித்தது. பதில் சொல்லாமல் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டோம். பின்பு அவன் பிளக்கை உருவிச் செருகும் ஓசை கேட்டது. அதற்கும் சிரித்தோம்.

"குனிஞ்சு பாத்துக்கிட்டே வந்திருக்கான்," என்றேன். "நேரா அந்த வடக்கு மரத்துல மோதிட்டான். அங்கயே செத்துட்டான்."

மார்லிஸ் ஹெட்ஃபோனைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு வாரம், ஆல்டன். என் கையால போட்ட ஒவ்வொரு வயரையும் நானே பிச்சுப் போட்டேன். எங்கிட்ட தப்பு இருக்குன்னு நம்பினேன். அந்த மனுசனும் அப்படித்தான் நம்பினான்." அவர் குரல் உயரவேயில்லை. "அவனைக் கண்டு எனக்குப் பயமில்ல. உங்களைக் கண்டாத்தான் பயமாருக்கு."

அவர் கோட்டைக்கூட மாட்டவில்லை. பனிக்குள் இறங்கிக் காப்பி அறையை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

உள்ளே ராஸ்கோவும் இன்னும் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நனைந்த கம்பளி, கருகிய காப்பி. சன்னலோரத்தில் திடலின் பொது ரேடியோ, ஒலி முழுதும் குறைக்கப்பட்டு, சிறு பச்சை விளக்குடன் இருந்தது. மார்லிஸ் அதன் குமிழைக் கடைசிவரை திருகினார்.

டக். கர்ர்ர். டக்.

சீட்டுகள் அசையாமல் நின்றன. பைன் பிசின் வாசனை அறையெங்கும் நிறைந்தது.

"யாராவது கேக்கறீங்களா?"

ராஸ்கோ எழுந்து ரேடியோவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது.

"டாமராக், ரேடியோ செக்."

விளக்கு அணைந்தே இருந்தது.

"அது தானா நின்னுரும்," என்றான் ராஸ்கோ. "பனி நின்னா நின்னுரும். எப்பவும் அப்படித்தான்."

"பனி நாளைக்கும் பெய்யும்." மார்லிஸ் குனிந்து வயரை எடுத்து மீண்டும் சுவரில் செருகினார். மைக்கைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம்மா! பதில் சொன்னா அவன் இறங்கி வந்துருவான்!" என்று கத்தினான் ராஸ்கோ.

"வரட்டுமே. ரன்வே காலியாத்தானே கெடக்கு."

அவர் பொத்தானை அழுத்தினார்.

"ரேடியோ செக் கேட்டவருக்கு, டாமராக்ல இருந்து மார்லிஸ் பேசறேன். தெளிவா கேக்குது. உங்க ரேடியோவுல ஒரு கோளாறும் இல்ல. அந்தப் பிளக்கை விடுங்க. தலையை நிமித்தி, நேரா பாருங்க."

பிளக்கின் ஓசை நின்றது.

பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக, பனி பெய்யும்போதே நின்றது.

வெளியே, முறிந்த மரங்களுக்கு மேல், ஓர் எஞ்சினின் ஒலி எழுந்தது. அது அகலவில்லை. வட்டமிட்டுத் திரும்பி, தாழ்ந்துகொண்டே வந்தது. சன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"ரொம்ப நன்றி, மார்லிஸ்," என்றது குரல். இப்போது அது தொலைவிலில்லை. பின்பு, முன்னைப்போலவே பணிவாக:

"வேற யாராவது கேக்கறீங்களா?"

ராஸ்கோ தரையைப் பார்த்தான். மற்ற இருவரும் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள். மார்லிஸ் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

பொத்தான் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. அழுத்தினேன்.

"ஆல்டன் பேசறேன், டெல்பர்ட். தெளிவா கேக்குது. அன்னிக்கும் தெளிவாத்தான் கேட்டுச்சு."