மூன்றாவது எட்டு நிமிடம்

சைக்கிள் கோச் செத்துக் கிடந்தார்!

பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் காற்றடிக்கும் இரும்புப் பம்ப். சுவர்ப் பலகையில் அவர் கையெழுத்து: 'எட்டு நிமிடம் மிதி. மூன்று நிமிடம் ஓய்வு. நான்கு முறை.'

அவருக்கு மட்டும் ஓய்வு கொஞ்சம் நீண்டுவிட்டது.

மூன்று மாடி மேலே, அவரிடம் பயிற்சி பெற்ற பல் டாக்டர் சாவகாசமாகத் துண்டால் முகம் துடைத்தார்.

"ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் எங்க இருந்தீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இதோ, இந்த நிக்கிற சைக்கிள்ல மேடம். மிதிக்கிற பலத்தை வாட்டுல அளந்து நொடிக்கு நொடி பதிவு பண்ணும்."

போனை நீட்டினார். ஆரம்பம் ஆறு... முடிவு ஏழு. போலீசாவது, கோட்டுப்படத்தைப் படிப்பதாவது!

அவள் படித்தாள்.

"உங்க வரம்பு எவ்வளவு?"

"ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற உச்சமா? இருநூத்தம்பது வாட்!"

"கோச் நேத்து அதை இருநூத்தி இருபத்தெட்டுன்னு இறக்கி, வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காரே?"

டாக்டரின் தாடை இறுகியது.

"முதல் செட்டே இருநூத்தித் தொண்ணூறு. வரம்புல நிக்கணும் டாக்டர், தாண்டிக் குதிக்கக்கூடாது. மூணாவது செட்ல ரெண்டே நிமிஷம்... அப்புறம் ஒம்போது நிமிஷம் பூஜ்யம். மூச்சு வாங்கி இறங்கிட்டீங்களா?"

ஒரே ஒரு 'ஆமாம்'. சொன்னால் வீடு. சொல்லாவிட்டால் ஜெயில்!

டாக்டர் வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டு துண்டை முறுக்கினார்.

"சரி, ஏன் சங்கடம்? எழுதுங்க கான்ஸ்டபிள்... டாக்டருக்கு மூணாவது செட் முடிக்கத் தெம்பில்ல. செத்தவர் போட்ட கணக்கு சரிதான்."

"எது சரி?!"

துண்டு பறந்தது.

"தெம்பில்லாம இறங்கினேனா? மூணு மாடி படியில இறங்கி... அவன் மண்டையில ஒண்ணு போட்டு... மூணு மாடி ஏறி வந்து, நாலாவது செட்டை இருநூத்தி அம்பத்தஞ்சுல முடிச்சிருக்கேன்! எவன் செய்வான் மேடம்? சொல்லுங்க, எவன் செய்வான்?"



கான்ஸ்டபிளின் பேனா கீழே விழுந்தது.

"நான் கிளம்பலாம்னுதான் இருந்தேன்" என்றாள் இன்ஸ்பெக்டர். "லிஃப்ட் பட்டனைக்கூட அமுக்கச் சொல்லியாச்சு."

விலங்கு மாட்டியபோதும் டாக்டர் கெஞ்சினார். "மேடம், அந்த இருநூத்தி இருபத்தெட்டை மட்டும் அடிச்சுட்டு..."

"வாட் எண்ணினது போதும் டாக்டர். இனிமே கம்பி எண்ணுங்க!"