குங்குமம் மறைத்த ஐந்து எழுத்துகள்

“யாருங்க இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சது?”

கம்ப்யூட்டர் பார்க்க வந்தவன் கேட்டுவிட்டுச் சிரித்தான் பாருங்கள்... துளசிக்கு வந்ததே கோபம்! வைத்தவள் அவள்தானே. புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆப்பீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த நாளிலிருந்து, ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சந்தனமும் குங்குமமும் அவள் கையால்தான். பக்கவாட்டில் ஒட்டியிருந்த விண்டோஸ் லைசென்ஸ் சீட்டில்தான் பொட்டு நன்றாக ஒட்டும். வருசா வருசம் துடைத்துத் துடைத்து வைத்ததில், லைசென்ஸின் இருபத்தைந்து எழுத்தில் கடைசி ஐந்து அழிந்தே போயிருந்தது.

“சாமி கும்பிடுறதுல என்னங்க சிரிப்பு? உங்களால முடியலன்னா போங்க. முருகையா அண்ணனே வரட்டும்.”

வழக்கமாக வரும் முருகையாவுக்குக் காய்ச்சல். அவர் கடையில் புதிதாகச் சேர்ந்த அழகேசன் பதிலுக்கு வந்திருந்தான். அவன் சிரிப்பு மறைந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டான்.

வெளியே மழை தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நாளைக் காலை தலைமை ஆப்பீசிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். பழைய கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கொரு தரம் தானாக அணைகிறது. புதிதாக வாங்கியதில் அந்த லைசென்ஸ் ஏறாவிட்டால் அவளுக்கு வேலையில்லை என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி... ரோசம் பார்த்தால் ஆகுமா?

“ஏங்க... நில்லுங்க.”

திரும்பினான். சாரலில் இமைகள் நனைந்திருந்தன. ஐயோ, என்ன கண்கள்! இந்தப் பயத்திலும் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கடைசி அஞ்சு எழுத்து பழைய கம்ப்யூட்டருக்கே தெரியும். கேட்டா காட்டும்,” என்றபடி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தட்டினான். திரையில் ஐந்து எழுத்துகள்! துளசி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

“இது தனியா வாங்கி ஒட்டின லைசென்சு, வேற கம்ப்யூட்டருக்கு மாத்தலாம். ஆனா முதல்ல இங்கேருந்து எடுத்துடணும். அப்புறந்தான் அங்க.”

“இங்க எடுத்து... அங்க ஏறலன்னா?”

மின்னல் வெட்டியது. விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. அவன் என்டர் மேல் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்!

“நீங்களுமா பயப்படுறீங்க?”

“உண்மையச் சொல்லட்டுமா? நான் மாத்துற முதல் லைசென்சு இதான்லா.”

சரியாகப் போயிற்று! துளசிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பொய் சொல்லாத அந்த வாய் அவளுக்குப் பிடித்திருந்தது. தன் விரலையும் பக்கத்தில் வைத்தாள்.

“சேர்ந்து அமுக்கலாம்... திட்டு வாங்கினா சேர்ந்தே வாங்குவோம்.”

அமுக்கினார்கள். பழையதில் லைசென்ஸ் போயிற்று. அடுத்த நிமிடமே அந்தக் கம்ப்யூட்டரும் அணைந்தது. இனித் திரும்பிப் போக வழியில்லை. இருபத்தைந்து எழுத்தையும் அவள் வாசிக்க, அவன் புதியதில் தட்டினான். திரையில் வட்டம் சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது... துளசி கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டாள்.

“ஏறிடுச்சுங்க!”

கண் திறந்தாள். அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொண்ணு சொல்லணும்... இதுக்கு அதைவிடப் பயமா இருக்கு. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. ஆயுத பூசைக்கு வரட்டுமா? பொட்டு எங்க வெக்கிறதுன்னு காட்ட...”

துளசி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

“அதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு,” என்றாள் தரையைப் பார்த்தபடி. “அவ்ளோ நாள் என்னால தாங்க முடியாதுங்க... நாளைக்கே வாங்க.”