யாருக்கும் நட்டமில்லாத பல்சக்கரம்

கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் பூவாத்தா, மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்ட தொழிற்சாலைக்குள் கையை விட்டு, பூட்டிக் கிடந்த அலமாரியிலிருந்து இரண்டு பல்சக்கரங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்தத் தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது மூன்றடுக்கு நீச்சல்குளம். அவள் சேலை நுனிகூட நனையவில்லை. சக்கரங்களின் மேலிருந்த கிரீஸ், நேற்று மாலை யாரோ பூசிவிட்டு வீட்டுக்குப் போனதுபோல் மினுமினுத்தது.

“புளுகு,” என்றார் ஆரோக்கியசாமி. “போத்தனூர்ல எவனோ கடைஞ்சிருக்கான். கிரீஸைத் தடவி உன்ற தலைல கட்டிப்போட்டான்.”

“ஏனுங்ணா, முத்திரையைப் பாருங்க. வேங்கைத் தலை. மீசை முடி ஒவ்வொண்ணும் தெரியுது.”

“மீசை எவன் வேணா வரைவான் அம்மிணி.”

இதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. ‘வேங்கை’ மர இழைப்பு இயந்திரங்களைச் செய்த அதே ஆலையில் ஸ்டோர் மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது தினமும் கிணத்துக்கடவில் பூவாத்தாவின் மரப்பட்டறைக்கு வந்து, ஒரு தேக்கு அடிமரத்தின் மேல் அமர்ந்து, எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டு டீ குடித்துப் போவார். காலத்துழாவியை நம்பாத ஆள் கோவை வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான் மிச்சம். நாய்கள்கூட நம்பிவிட்டன. கருவி முனகத் தொடங்கியதும் எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும்.

துழாவி பார்ப்பதற்கு இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கும். உடைந்த பாகத்தை உள்ளே வைத்து மூடினால் போதும். எந்த உலைக் குழம்பில் அது பிறந்ததோ அதே குழம்பில் பிறந்த உடன்பிறப்புகளைத் தேடி, காலத்தில் பின்னோக்கித் துழாவும். இருட்டில், அசையாமல், யாரும் பார்க்காத நேரத்தில் கிடக்கும் ஒன்று அகப்பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அப்படியானால் தங்கத்தைத் துழாவலாமே என்று முதல் நாளே ஊர் கேட்டது. கேட்டதோடு நிற்கவில்லை, மூக்குத்திகளைக் கழற்றிக்கொண்டு வரிசையிலும் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. அடகுக்கடை அடகுக்கடையாக உருகி உருகித் தங்கம் தன் சொந்தபந்தத்தையே மறந்திருந்தது. வார்ப்பிரும்புக்குத்தான் உறவு மறப்பதில்லை.

உற்பத்தி நின்று, செய்த ஆலையும் மூடிப்போன இயந்திரங்களுக்கு மட்டுமே துழாவ அனுமதி. ஒவ்வொரு துழாவியின் மூடியிலும் ‘யாருக்கும் நட்டமில்லை’ என்று பொறித்திருக்கும். அதைப் படித்த பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொண்ட ஆசாரி எவரும் கிடையாது. மாட்டுவதற்கு ஒன்று, கைவசத்துக்கு ஒன்று.

பூவாத்தாவும் அப்படித்தான். ஒரு சக்கரத்தை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். பலகையை உள்ளே இழுக்கும் உருளை சுழன்றது. பல மாதங்களாக வாயடைத்துக் கிடந்த வேங்கை போட்ட சத்தத்தில் ஆனைமலை யானைகள் காதுகளால் காதுகளை மூடிக்கொண்டன.

“ஏனுங்ணா,” என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் அவள், சும்மா சீண்டுவதற்காக. “உங்க ஸ்டோர்ல எப்பவாச்சும் சாமான் காணாமப் போச்சுங்ளா?”

ஆரோக்கியசாமி டீயைக் கீழே வைத்தார்.

“போச்சு. பல்சக்கரம் ரெண்டு. திருடன் அகப்பட்டுட்டான். காளிங்கன்னு, என்ற உதவியாளு. வேலையை விட்டு அனுப்பிச்சுட்டோம்.”

பூவாத்தா இயந்திரத்தை நிறுத்தினாள்.

“ரெண்டுங்ளா?”

“என்ன முழிக்கறே? அதுக்கும் உன்ற கொப்பரைக்கும் சம்பந்தமில்லை. அவன் போன பொறவும் சாமான் போயிட்டேதான் இருந்துச்சு. பேரிங்கு, கத்தி, உருளைன்னு ஒண்ணு நிக்கல. கடைசில ஸ்டோர்ல எலிதான் மிச்சம். வர்ற ஆர்டருக்குக் குடுக்கச் சாமானில்லாமத்தானே ஆலையை மூடுனாங்க.”

“காளிங்கன் போன பொறவு எடுத்தது யாருங்ணா?”

“வேற திருடன்.”

“அத்தனை திருடனுங்ளா?”

“ஆமா! ஊரு பூராத் திருடனுக!” என்றார் அவர். அவர் வாழ்நாளில் சொன்ன உண்மைகளிலேயே பெரிய உண்மை அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் பொள்ளாச்சி முதல் பல்லடம் வரை எத்தனை கொப்பரைகள் முனகிக்கொண்டிருந்தனவோ!

அன்று மதியம் பூவாத்தா சோறு உண்ணவில்லை. பூவாத்தா சோறு உண்ணாத மதியம் ஒன்றைக் கிணத்துக்கடவு அதற்கு முன் கண்டதில்லை. கைவசச் சக்கரம் மேசைமேல் இருந்தது. அதன் முத்திரையிலிருந்த வேங்கை அவளையே முறைத்தது. துணி போட்டு மூடினாள், துணிக்குள்ளிருந்து முறைத்தது.

துழாவியில் எதிர்த்திசைக்கும் ஒரு சாவி உண்டு. யாரும் தொட்டதில்லை, எடுத்ததைத் திருப்பி வைக்கும் ஆள் எங்கே இருக்கிறான்? பூவாத்தா திருப்பினாள். மாட்டியதைக் கழற்ற மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செய்து தர ஒப்புக்கொண்ட மேசைகள் பாதியில் நின்றன. இதையாவது வைத்துவிட்டால் அந்தக் காளிங்கனின் பழியில் பாதியாவது குறையாதா? ஆலையின் எந்த நாளிலிருந்து எடுத்தாளோ அதற்கு மறுநாளைத் துழாவியில் குறித்தாள். மொட்டையாக அனுப்ப மனம் ஒப்பவில்லை. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, “தெரியாமப் பண்ணிப்போட்டேன், மன்னிச்சுக்க சாமி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடினாள். கொப்பரை முனகியது. உள்ளே காலி.

மறுநாள் ஆரோக்கியசாமி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள். “ஒண்ணைத் திருப்பி வெச்சுட்டேனுங்ணா. பொட்டெல்லாம் வெச்சு, மரியாதையாத்தான் அனுப்பிச்சேன்.”

தேக்கு மரத்தில் உட்காரப்போனவர் பாதியில் நின்றார்.

“பொட்டா?”

“மூணு. நடுத்துளைக்கு மேல.”

அவர் பேசத் தொடங்கியபோது குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

“ரெண்டு காணோம்னப்போ காளிங்கனை எவனும் சந்தேகப்படல. எண்ணுனதுல தப்புன்னு விட்டிருப்பாங்க. மறுநாள் ஒண்ணு மட்டும் அலமாரிக்குத் திரும்பி வந்திருந்துச்சு. மூணு பொட்டோட. ஸ்டோர்ல தராசுக்கு, தள்ளுவண்டிக்கு, பூட்டுக்குன்னு எல்லாத்துக்கும் பொட்டு வெக்கற ஆளு அவன் ஒருத்தன்தான். திருடிட்டு மனசு குத்தி, கும்பிட்டு வெச்சுட்டுப் போயிருக்கான்னு விசாரணைல முடிவு பண்ணுனாங்க. நான்தான் சாட்சி.”

பூவாத்தா மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். “மனசு குத்துனது எனக்குங்ணா.”

பிறகு ஆரோக்கியசாமி வேட்டியை உதறிக்கொண்டார். “இல்ல. தற்செயல். பொட்டு வெக்கறவ நீ ஒருத்தியா? உன்ற கொப்பரை டுபாக்கூரு. நீ வெச்சது எங்கேயும் போகல.”

“எங்கேயும் போகலைன்னா சக்கரம் எங்கீங்ணா?”

அவர் பட்டறையை விட்டு இறங்கி நடந்தார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அதன்பின் தேக்கு மரம் காலியாகவே கிடந்தது. பூவாத்தா அந்தச் சக்கரத்தை மறுபடி எடுத்துவிடப் பார்த்தாள். உடைந்த பழைய சக்கரத்தை வைத்து வைத்துத் துழாவினாள். கொப்பரை ஊளையிட்டது, அடுப்பில்லாமலே கொதித்தது, பக்கத்து வீட்டு நாய் ஊரைவிட்டே போனது, சக்கரம் வரவில்லை. இரண்டு முறை காலம் கடந்த இரும்பு செவிடாகிவிடும், யார் கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. நடந்தது நடந்தபடியேதான் இருக்கும்.

ஆனால் காளிங்கன் உயிரோடு இருந்தார். விசாரித்ததில் ஆனைமலையில் இருப்பதாகத் தெரிந்தது. பூவாத்தா ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“வாங்கண்ணா, போலாம்.”

“நான் நம்பி வரல. சும்மா பாக்கத்தான் வர்றேன்,” என்று வண்டியில் ஏறினார் அவர்.

காளிங்கன் தோப்பு நடுவே, தேங்காய் பறிக்கும் எந்திரக் குரங்குகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சுற்றிலும் ஏழெட்டுக் குரங்குகள். எதன் நெற்றியிலும் பொட்டு இல்லை. திருப்புளியிலும் இல்லை, பட்டறைக் கதவிலும் இல்லை.

பூவாத்தா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். “எடுத்தது நானுங்க. திருப்பி வெச்சதும் நானுங்க. உங்களை மாட்டிவிட்டது என்ற பொட்டுங்க.”

காளிங்கன் ஒரு குரங்கின் தோள்பட்டையை முடுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

“அம்மிணி, உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. நீங்க அப்பப் பொறந்தே இருக்க மாட்டீங்க. ஆனா நீங்க சொல்லி என்ன ஆகும்? என்ற புள்ள கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க பந்தி முடிஞ்சதும் கரண்டியை எண்ணுனாங்க. பொண்ணுக்கு அப்பன், நான் பாத்துட்டு நின்னேன். விசாரணைல என்னைத் திருடன்னு சொன்னது துழாவி இல்லீங்க. இவரு. இவரு சொல்லட்டும்.”

ஆரோக்கியசாமி தொண்டையைச் செருமினார். “காளிங்கா, விஞ்ஞானப்படி பாத்தா இந்தக் கருவிய இன்னும்…”

“விஞ்ஞானம் கேக்கலீங்க. அன்னைக்கு அலமாரி முன்னால நீங்க மட்டும்தான் நின்னீங்க. என்ன பாத்தீங்க?”

தென்னை உச்சியில் ஒரு குரங்கு வேலையை நிறுத்திவிட்டுக் கீழே பார்ப்பதுபோல் இருந்தது. ஆரோக்கியசாமி பூவாத்தாவைப் பார்த்தார். அவள் எந்த உதவியும் செய்யவில்லை. அவர் தென்னை மட்டை ஒன்றின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“சாவி என்ற இடுப்புல இருந்துச்சு. தொறந்தேன், சக்கரம் இருந்த இடம் காலி. மூடிட்டேன். மனசு கேக்காம மறுபடி தொறந்தேன். சக்கரம் இருந்துச்சு. அந்த ரூம்ல என்னைத் தவிர ஒருத்தருமில்லை. பொட்டைத் தொட்டுப் பாத்தேன், ஈரம். விரல்ல ஒட்டுச்சு. நீ அன்னைக்குப் பழனிக்குப் போயிருந்தே.”

“தெரிஞ்சும் எம் பேரைச் சொன்னீங்களா?”

“மத்தவங்க வர்றதுக்குள்ள பொட்டு காஞ்சுருச்சு. முந்தின நாள் அலமாரி தொறந்திருந்தப்பவே நீ வெச்சுட்டுப் போனேன்னு சொன்னேன். ஈரமா இருந்துச்சுன்னு சொன்னா, சாவி வெச்சிருந்தவந்தானே திருடன்? இல்லாட்டிப் பைத்தியக்காரன். நான் ரெண்டும் ஆக விரும்பல. அப்பறம் இந்தக் கருவி வந்துச்சு. அதை நம்புனா உன்ற மூஞ்சில முழிக்கோணும். அதான் புளுகு, புளுகுன்னுட்டே திரிஞ்சேன்.”

காளிங்கன் கையிலிருந்த திருப்புளி அசையவில்லை. “சம்பந்தி வீட்ல வந்து சொல்லுவீங்களா?”

“வர்றேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

ஆரோக்கியசாமி தன் வலதுகைச் சுட்டுவிரலை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“நடந்துச்சு, காளிங்கா. என்ற கண்ணு முன்னாலயே நடந்துச்சு.”