மூணு பூட்டு

காரிமங்கலத்துல பஸ் விட்டு எறங்கறப்ப மத்தியானம் சாஞ்சிருந்துச்சு. நல்ல வெயில். என் வூட்டுக்காரரு ஃபிராங்க்ளின் முன்னாடி நடந்தாரு. சாவி என் கைப்பையில இருந்துச்சு. அவரோட பெரியக்கா இன்னாசியம்மாள் செத்து ஒரு மாசம் ஆச்சு. அவங்க வூட்டத் தொறந்து, உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கத்தான் போனோம்.

கல்யாணமே கட்டிக்காம தம்பிங்களையும் தங்கச்சியையும் வளத்து ஆளாக்குன மனுசி. உயில் எழுதி வெக்கல. ஓட்டு வூடும் கொஞ்சம் கொல்லை நெலமும்தான் சொத்து. அத யாரு நிர்வாகம் பண்றதுன்னு, ஆஸ்பத்திரியில அவங்களுக்கு மூச்சு ஓடறப்பவே சண்டை ஆரம்பிச்சுட்டாங்க. மூத்தவன் நானுன்னாரு இவரோட அண்ணன் ஜேக்கப் மாமா. கூடமாட இருந்து பாத்துக்கிட்டது நானுன்னாங்க தங்கச்சி ஜோஸ்பின். எங்க வூட்டுக்காரரு மட்டும் எளைச்சவரா? ஒருத்தர ஒருத்தர் நம்பாம, கதவுல சங்கிலி கோத்து ஆளுக்கொரு பூட்டு மாட்டிட்டாங்க. கூடப்பொறந்தவங்களாம். தூ.

அவங்க சாகறதுக்கு மொத நாளு ஆஸ்பத்திரியில நான்தான் தொணைக்கு இருந்தேன். பெரியக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"ஆக்சிலியா, என்னை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு கண்ணு. என் கட்டில்ல போடு."

"சரிங்கக்கா"ன்னேன். எங்க பூட்டோட சாவி அப்பவே என் பையில கெடந்துச்சு.

மறுநாள் பொணமாத்தான் வந்தாங்க. மொதல்ல சாவி எடுக்கறவங்க எறங்கிப் போன மாதிரி ஆயிடும்னு ஒருத்தரும் எடுக்கல. நானும் எடுக்கல. பெட்டிய வாசல்லயே வெச்சோம். தூறல் புடிச்சு பந்தல் ஒழுகி, அவங்க மூஞ்சியெல்லாம் தண்ணி. துடைச்சுவிட ஆளில்ல. எல்லாரும் சண்டையில இருந்தோம்.

"உள்ள வெக்கலீங்களா?"ன்னு ஃபாதர் கேட்டாரு.

"உள்ள இடம் பத்தாதுங்க"ன்னு சொன்னது நான்தான். நாக்கு கூசல எனக்கு.

இப்ப மூணு பேரும் வந்து, மூஞ்சி குடுத்துப் பேசாம, அவங்கவங்க பூட்டக் கழட்டுனாங்க. சங்கிலி கீழ விழுந்துச்சு. ஜேக்கப் மாமா கதவத் தள்ளுனாரு.

தொறக்கல.

உள்ள தாப்பாள் போட்டிருந்துச்சு.

அந்த வூட்டுக்கு வேற வாசல் கெடையாது. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. "மரம் ஊறி இறுகியிருக்கும்"னு சொல்லிக்கிட்டு என் வூட்டுக்காரரு தோளக் குடுத்து இடிச்சாரு.

உள்ள கட்டில் முனகுச்சு. படுத்திருக்கறவங்க எந்திரிச்சா வருமே, அந்தச் சத்தம்.

அப்பறம் காலடி. ஒரு காலு ஊனி, ஒரு காலு இழுத்து. பெரியக்கா அப்படித்தான் நடப்பாங்க.

கதவுகிட்ட வந்து நின்னுச்சு.

அவங்க முட்டிக்குத் தேய்க்கற தைல வாசம் கதவுச் சந்துல வந்துச்சு. கீழ, நெலைக்கு அடியில தண்ணி கசிஞ்சு எங்க காலுகிட்ட வந்துச்சு. மழை பேஞ்சு ஒரு மாசம் ஆச்சு.

ஜோஸ்பின் குசுகுசுன்னு கூப்புட்டாங்க. "அக்கா... நாங்கதான் வந்திருக்கோம். தொறக்கா."

அப்பறம், கதவுல வாய வெச்சுப் பேசற மாதிரி, மெதுவா:

"உள்ள இடம் பத்தாதுங்க."

என் வார்த்தை. நான் சொன்ன அதே ராகம்.

ஜேக்கப் மாமா பின்னாடியே நகந்தாரு. "நிர்வாகத்த நீயே வெச்சுக்கடா"ன்னாரு தம்பிகிட்ட. "எனக்கு வேண்டாண்ணா"ன்னாரு இவரு. ஒரு மாசமா இந்த வார்த்தை வரலியே இவங்க வாயில. மூணு பேரும் ரோட்டுக்கு ஓடிட்டாங்க.

நான் ஓடல. பெட்டி வெச்ச எடத்துலயே உக்காந்துட்டேன். பயத்த விட வெக்கம்தான் என்னைப் புடுங்கித் தின்னுச்சு. செத்துப்போற மனுசிக்கு சரின்னு சொன்னவ நானு.

"மன்னிச்சுடுங்கக்கா"ன்னு தலை குனிஞ்சு அழுதேன்.

வெயில் அப்படியே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. என் மூஞ்சியில மட்டும் தூறல் விழுந்துச்சு.

அப்பறம் ஈரக் கை ஒண்ணு, சில்லுன்னு, என் நெத்தியில இருந்து தாடை வரைக்கும் பொறுமையாத் துடைச்சுவிட்டுச்சு.

நிமிந்து பாத்தேன். யாருமில்ல.

கதவு இன்னைக்கு வரைக்கும் தொறக்கல. எத்தனை தடவ சோப்புப் போட்டுக் கழுவுனாலும் என் மூஞ்சியில அந்தத் தைல வாசம் அடிக்குது.