நனையாத வட்டம்

"மழை பெய்யுது, ஆனா நடுவுல கல்லு நனையவே மாட்டேங்குது" என்று சதுக்கத்தைக் கூட்டுகிற அம்மா மூன்று முறை சொல்லியனுப்பிவிட்டார். அதனால்தான் அன்று மாலை நான்கு மணிக்கு, கொட்டுகிற மழையில், பொறியாளர் குடையோடு வந்து நின்றார்.

ஈ காக்கை இல்லை. சாம்பல் நிறக் கல் தளம் நூல் பிடித்தாற்போல் ஓடியது. நடுவில் இருந்த பெரிய மரத்தையும் அதைச் சுற்றியிருந்த இருக்கைகளையும் அகற்றச் சொல்லி வரைபடத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். தினமும் மாலையில் அந்த மரத்தடியில் கூடிப் பேசிக்கொண்டிருந்த வயதானவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

மரம் போன பிறகு அப்பா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. நான்காம் மாதம் போய்ச் சேர்ந்தார்.

"எங்கேம்மா?"

கூட்டுகிற அம்மா விளக்குமாற்றால் காட்டினார். நடுவில் பெரிய வட்டமாகக் கல் உலர்ந்து கிடந்தது.

"நான் அதுக்குள்ள கூட்டப் போறதில்ல சார்."

"ஏன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேர் உக்காந்து பேசுறப்போ குறுக்க போறது மரியாதையில்ல."

கல்லில் பூசிய மருந்தின் வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பொறியாளர் வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

குடைமேல் மழைச் சத்தம் நின்றது.

அண்ணாந்து பார்த்தார். வெறும் வானம். ஆனால் ஈர இலைகளின் வாசனை வந்தது. மேலே எங்கோ கிளைகள் அசைந்தன.

பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

யாரோ செய்தித்தாளை மடித்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஆள் வந்திருக்கு."

"யாரு?"

"என் பையன்."

அப்பாவின் குரல். அதில் கோபம் துளியும் இல்லை.

"கூப்பிடாதீங்க. உக்கார மாட்டான். வேலையா வந்திருப்பான்."

'அப்பா' என்று சொல்ல வாய் திறந்தார். அதற்குள் இடது தோளில் மெல்ல ஒரு கனம் இறங்கியது. போய் வா என்பதுபோல் இரண்டு முறை தட்டியது.

குடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

கதவைத் திறந்த மனைவி துண்டை நீட்டினாள். "இப்படித் தொப்பலா நனைஞ்சு வந்திருக்கீங்களே, குடை என்னாச்சு?" என்றவள் பேச்சை நிறுத்தினாள். "இந்தத் தோள் மட்டும் எப்படிங்க காய்ஞ்சிருக்கு?"

அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை முழுக்கத் திறந்து அடியில் நின்றார்.

தண்ணீர் இடது தோளில் விழுந்தது. விழுந்த நீர், ஐந்து விரல்களைச் சுற்றிக்கொண்டு வழிந்தது.